ஊரா? ஆளா?

வரலாறு என்றவுடன் மாணவர் மனத்தில் தோன்றுவன அரசர் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளுமே. வரலாற்றுக்குரிய சான்றுகள் யாவை என்று வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், அயல்நாட்டார் குறிப்பு என அடுக்கிக் கூறுவர். இவ்வரிசையில் நாம் பெரும்பாலும் சேர்க்க மறக்கும் சான்று ஒன்று உண்டு. அது மக்கள் தம்முள் பேசிக்கொண்ட பேச்சு. ஒருவர் ஒன்றைக் கூற, மற்றொருவர் அதனை மறுக்க, மூன்றாமவர் இருவரையும் விலக்கி வேறொன்று சொல்ல, அப்பேச்சு அவ்வண்ணமே எழுதி வைக்கப்பட்டிருக்குமாயின் அதனினும் உயிருள்ள சான்று கிடைத்தல் அரிது. கல்வெட்டு முடிவைச் சொல்லும். அம்முடிவுக்கு முன்னர் யார் முகம் சுளித்தார், யார் வாய்மூடி இருந்தார் என்பதைச் சொல்லாது.

நம் நாட்டில் அத்தகைய பேச்சு ஒன்று ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நடந்தது. 1946 டிசம்பர் 9ஆம் நாள் புது தில்லியில் கூடிய அரசியல் நிர்ணய சபை, 1949 நவம்பர் 26ஆம் நாள் அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. அதற்காக அச்சபை அமர்ந்த நாள்கள் 165. உறுப்பினர் கொடுத்த திருத்தங்கள் 7,635. அவற்றுள் அவையில் முன்மொழியப்பெற்றவை 2,473. பேசியவை அனைத்தும் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சேறியுள்ளன. அத்தொகுதிகளைக் கண்டு மாணவர் மலைக்க வேண்டுவதில்லை. 1948 நவம்பர்த் திங்களில் நிகழ்ந்த ஒரு வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். சுதந்திர இந்தியாவின் அரசியலுக்கு அடிப்படை அலகாக நிற்க வேண்டியது ஊரா, தனி ஆளா என்பதே அவ்வாதத்தின் பொருள்.

காந்தியடிகள் தம் வாழ்நாள் முழுவதும் கிராமத்தையே இந்தியாவின் உயிர்நிலையாகக் கண்டார். ஊர்ப் பஞ்சாயத்திலிருந்து மேல்நோக்கி எழும் ஆட்சியை அவர் விரும்பினார். அக்கருத்தைத் தழுவி ஸ்ரீமன் நாராயண் அகர்வால் 1946இல் காந்திய அரசியல் சட்டம் ஒன்றை நூலாகவே எழுதி வெளியிட்டார். ஆனால் 1948 பிப்ரவரியில் வெளிவந்த வரைவுச் சட்டத்தில், 315 பிரிவுகளில் ஒன்றிலேனும், கிராமப் பஞ்சாயத்தைப் பற்றிய பேச்சே இல்லை. அடிகள் மறைந்து ஒரு மாதங்கூட நிறையாத காலம் அது. பலர் மனம் புண்பட்டது. சபைத் தலைவராகிய இராஜேந்திர பிரசாதே, அவ்வாண்டு மே மாதம், அரசியல் சட்ட ஆலோசகரான பி. என். ராவுக்கு இதுபற்றிக் கடிதம் எழுதினார். வயதுவந்தோர் அனைவரும் நேரே வாக்களித்துப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பது என்று சபை முன்னமே முடிவு செய்துவிட்டபடியால், கட்டடத்தை அடியோடு மாற்றுவது எளிதன்று என்பதாக ராவின் விடை அமைந்தது.

இந்நிலையில் 1948 நவம்பர் 4ஆம் நாள் வரைவுக் குழுத் தலைவர் டாக்டர் அம்பேத்கர் அவையில் வரைவை முன்வைத்துப் பேசினார். கிராமத்தைக் கைவிட்டது பெருங்குறை என்று சொல்வோர்க்கு அவர் கூறிய மறுமொழி, கேட்டோரைத் திடுக்கிடச் செய்தது. இந்தியக் கிராமங்களைச் சிறு குடியரசுகள் என்று போற்றி, அரச மரபுகள் விழுந்தும் எழுந்தும் மாற, அவை மட்டும் நிலைத்து நின்றன என்று 1830இல் எழுதினார் மெட்காப் என்னும் ஆங்கில அதிகாரி. அம்பேத்கர் அதனை எடுத்துக்காட்டிவிட்டு, நிலைத்து நின்றது உண்மையே ஆயினும் எத்தகைய வாழ்வில் நிலைத்து நின்றன என்று வினவினார். வெறுமனே பிழைத்திருத்தல் பெருமை ஆகாது என்றார். குறுகிய நோக்கும் அறியாமையும் சாதிப் பிணக்கும் குடிகொண்ட இடமே கிராமம் என்று கடுமையாகக் கூறினார். கிராமத்தை விலக்கித் தனி மனிதனையே அலகாகக் கொண்டது குறித்துத் தாம் மகிழ்வதாகவும் சொன்னார்.

இச்சொற்களைச் சினத்தில் விழுந்த சொற்கள் என எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்தாது. பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1932 அக்டோபரில், பம்பாய்ச் சட்டசபையில் கிராமப் பஞ்சாயத்து மசோதா வந்தபோது அவர் அதனை எதிர்த்துப் பேசியுள்ளார். எல்லோர்க்கும் வாக்குரிமை அளிப்பதால் மட்டும் ஒடுக்கப்பட்டோர்க்குப் பஞ்சாயத்தில் இடம் கிடைத்துவிடாது. அவர்கட்கெனத் தனி இடம் ஒதுக்குதல் வேண்டும் என்பது அவர் கோரிக்கை. சாதிப் பகை நிறைந்த ஊரில் வழக்குத் தீர்க்கும் அதிகாரத்தையும் அப்பஞ்சாயத்திடம் ஒப்படைத்தல் தகாது என்றும் வாதிட்டார். அதற்கும் ஐந்தாண்டு முன்னர், 1927இல், மஹாத் நகரின் பொதுக்குளத்தில் நீர் அருந்தும் உரிமைக்காகத் தம் மக்களை அழைத்துச் சென்றவர் அவர். ஊருக்குப் பொது என்னும் சொல்லில் யார் யார் அடங்குவர், யார் யார் அடங்கார் என்பதை நூலிற் படித்து அறிய வேண்டிய நிலையில் அவர் இல்லை.

அவையில் எழுந்த மறுப்பும் சாதாரணமானதன்று. எச். வி. காமத், இது நகரத்து அறிவாளி ஒருவரின் பார்வை என்று சாடினார். ஆந்திர நாட்டு உழவர் தலைவரான என். ஜி. ரங்கா, தென்னாட்டுக் கிராமப் பஞ்சாயத்துகளின் சாதனைகளை அம்பேத்கர் அறிந்திருப்பாரேல் இவ்வாறு பேசியிரார் என்றார். மற்றொரு புறம், ஐக்கிய மாகாணத்திலிருந்து வந்த பேகம் ஐஜாஸ் ரசூல் அம்பேத்கரை முற்றிலும் ஆதரித்தார். கிராமப் பஞ்சாயத்தும் கொடுங்கோன்மை செய்யக்கூடும் என்பதும், குடிமகனின் உரிமை எந்தக் கூட்டத்தின் உரிமைக்கும் முற்பட்டது என்பதும் அவர் கருத்து. பதினைந்து பெண்களே இருந்த அவையில் ஒரே முஸ்லிம் பெண்ணாக அமர்ந்திருந்தவர், ஊர்க்கூட்டத்தின் வல்லமையைக் கண்டு ஐயுற்றதில் வியப்பில்லை. ஆனால் மாணவர்கள் ஒன்றைக் கருத வேண்டும். அதே அவையில் ஒடுக்கப்பட்ட வகுப்பிலிருந்து வந்த ஒரே பெண்ணான தாட்சாயணி வேலாயுதன், வரைவு அதிகாரத்தை மையத்தில் மிகுதியாகக் குவிக்கிறது என்று குறை கூறினார். இன்ன பிறப்பினர் இன்னபடிதான் பேசுவர் என்று நாம் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளும் கணக்கு இத்தகைய இடங்களிற்றான் பொய்த்துப் போகிறது.

ரங்கா சுட்டிய தென்னாட்டுச் சான்றுகளுள் தலைசிறந்தது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அஃதாவது கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளை ஒட்டி, அவ்வூர்ச் சபையின் ஏற்பாடுகள் கல்லில் வெட்டப்பட்டன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலிய குழுக்கள் இவ்வாறே அமைந்தன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மீண்டும் இடம்பெறுதல் கூடாது. மூன்றாண்டுகட்குள் பதவியில் இருந்தவரும் விலக்கப்பட்டனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இத்துணை நுட்பமான விதிகள் இருந்தன என்று எண்ணுந்தோறும் நெஞ்சம் விம்முகிறது. கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் சேர்த்து விலக்கிய அந்த முன்னோரின் உலகியலறிவை இன்றைய சட்ட வல்லுநரும் பயிலலாம்.

ஆயினும் பாடத்தை முழுவதும் படித்தல் வேண்டும். குடத்தில் ஓலை இடப்பெறுவதற்குரிய தகுதிகள் யாவை? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குள்ளும் இருத்தல் வேண்டும். வேதமும் கற்றிருத்தல் வேண்டும். நிலம் குறைந்தவர்க்குச் சலுகை உண்டு. அதுவும் மிகுதியாக வேதம் கற்றவர்க்கே. அது பிராமணர்க்கு வழங்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். அந்நிலத்தை உழுதவர் பெயர் அக்குடத்தில் விழுந்திராது. பெண்டிர் பெயரும் விழுந்திராது. மேலும், குடவோலை என்பது சீட்டு எடுக்கும் முறை. நாம் இன்று சொல்லும் வாக்களிப்பு அன்று. சோழர் காலத்து ஊர் எவ்வாறு அமைந்திருந்தது என்பதற்கு வேறொரு சான்றும் தஞ்சையில் உண்டு. பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களில் வரி நீங்கிய நிலங்களைக் குறிக்கும் கல்வெட்டு, ஊர்நத்தத்தைத் தனியாகவும், பறைச்சேரி, கம்மாணச்சேரி போன்றவற்றைத் தனியாகவும் எழுதுகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்பது அன்றைக்கே கல்லில் ஏறிவிட்டது. ஆகவே ரங்கா சொன்னதும் மெய். அம்பேத்கர் சொன்னதும் மெய். இரண்டும் ஒரே ஊரைப் பற்றிய மெய்களே. ஒருவர் ஊரின் நடுவிலிருந்தும், மற்றவர் ஊரின் புறத்திலிருந்தும் அதனைக் கண்டனர் என்பது என் துணிபு.

இனி, வாதம் எவ்வாறு முடிந்தது என்பது காண்போம். நவம்பர் 22ஆம் நாள், சென்னை மாகாண உறுப்பினரும் தமிழருமான கே. சந்தானம் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். அரசு கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டும்; தன்னாட்சி அலகுகளாக இயங்குதற்குரிய அதிகாரங்களை அவற்றுக்கு அளிக்க வேண்டும் என்பது அதன் பொருள். அம்பேத்கர் எழுந்து, அத்திருத்தத்தை ஏற்பதாகக் கூறி அமர்ந்தார். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரங்களுக்கு முன் அத்துணைக் கடுமையாகப் பேசியவர் எதிர்ப்பின்றி இணங்கியது உறுப்பினர்க்கு மகிழ்ச்சி தந்தது. அத்திருத்தமே இன்று அரசியல் சட்டத்தின் 40ஆம் பிரிவு.

யார் வென்றார் என்று மாணவர் கேட்கலாம். பட்டிமன்றத்திற் பழகிய நமக்கு அவ்வினா இயல்பே. ஏட்டளவில் சந்தானம் வென்றார். ஆனால் 40ஆம் பிரிவு, அரசின் நெறிமுறைக் கோட்பாடுகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. அக்கோட்பாடுகளை நிறைவேற்றுமாறு நீதிமன்றத்திற் சென்று வழக்காட இயலாது. எனவே நெடுங்காலம் பஞ்சாயத்தின் வாழ்வு மாநில அரசுகளின் விருப்பத்தைப் பொறுத்தே இருந்தது. 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு அறிக்கை தந்தது. 1959 அக்டோபர் 2ஆம் நாள் இராஜஸ்தானத்து நாகௌரில் நேரு பஞ்சாயத்து ஆட்சியைத் தொடங்கி வைத்தார். பின்னர்ப் பல மாநிலங்களில் தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடைபெறாது கிடந்தது. தமிழ்நாட்டிலும் 1986க்குப் பின் 1996இற்றான் உள்ளாட்சித் தேர்தல் நடைபெற்றது.

1992 டிசம்பரில் நிறைவேறி 1993 ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்த 73ஆம் திருத்தம் அந்நிலையை மாற்றியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்துதல் கட்டாயமாயிற்று. பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் அவர்தம் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்களும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்களும் ஒதுக்கப்பட்டன. தலைவர் பதவிகளிலும் அவ்வாறே. தமிழ்நாட்டில் பெண்களின் பங்கு 2016இல் பாதியாக உயர்த்தப்பட்டது. உற்று நோக்கின், சந்தானம் கேட்ட பஞ்சாயத்தும், 1932இல் அம்பேத்கர் கேட்ட ஒதுக்கீடும் இச்சட்டத்தில் ஒன்றாக வந்து அமர்ந்துள்ளன. அறுபது ஆண்டு நீண்ட உரையாடல் இது. பேசியவருட் பெரும்பாலோர் அதன் முடிவைக் காண இருந்திலர்.

சட்டம் வந்த பின் ஊர் என்ன சொல்லிற்று? மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினர்க்கு ஒதுக்கப்பட்டது. எதிர்ப்புக்கு இடையே வென்று தலைவரான முருகேசனும் அவருடன் சென்றோர் சிலரும் 1997 ஜூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே மாவட்டத்துப் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் ஒதுக்கீட்டை ஏற்க மனமின்றிப் பத்தாண்டுக் காலம் தலைவர் பதவி முறையாக நிரம்பவே இல்லை, வேட்புமனு வாராது, வந்து எவரேனும் வென்றாலும் உடனே பதவி விலகச் செய்யப்படுவர். 2006இற்றான் அவ்வூர்களில் தேர்தல் செவ்வனே நடந்து தலைவர்கள் நிலைத்தனர். 2021 அக்டோபர் 2ஆம் நாள் பாப்பாப்பட்டிக் கிராம சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டிலேதான், கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர, பிற உறுப்பினர் நாற்காலிகளில் அமர்ந்திருந்த படம் செய்தித்தாள்களில் வெளியாயிற்று.

மாணவ நண்பர்களே, உங்கள் ஊரிலும் குடியரசு நாள், மே முதல் நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றில் கிராம சபை கூடும். ஒருமுறை சென்று பின்வரிசையில் அமருங்கள். யார் முதலிற் பேசுகிறார், யார் பேச்சு நடுவில் அறுபடுகிறது, யார் எங்கே அமர்ந்திருக்கிறார் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும், 1948 நவம்பர் மாதத்துப் பேச்சுகள் அடங்கிய தொகுதியை நூலகத்திற் கேட்டு வாங்கிப் படியுங்கள்.