ஸ்லேட்டர் கேட்ட கேள்விகள்

நெல் ஆராய்ச்சி என்றால் தஞ்சை ஜில்லாவில் ஆடுதுறையைச் சொல்வோம். நெல்லை விளைவித்தவன் என்ன சாப்பிட்டான், எவ்வளவு கடன்பட்டான் என்ற ஆராய்ச்சியை ஊர் ஊராகத் தொடங்கிவைத்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். திருவையாற்றில் பிறந்து பொருளாதாரம் படித்த எனக்கு அந்த வெள்ளைக்காரர் மேல் தனி மரியாதை உண்டு.

இங்கிலாந்தில் பொது நிலங்கள் வேலி போட்டு வளைக்கப்பட்டதையும், அதனால் குடியானவர்கள் பட்ட பாட்டையும் பற்றி 1907-இல் புத்தகம் எழுதியவர் அவர். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தார். 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்துக்கான முதல் பேராசிரியராக வந்துசேர்ந்தார். வந்தவர் பாடப்புத்தகத்தோடு நிற்கவில்லை. விடுமுறைக்குப் போகும் மாணவர்கள் கையில் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்து, கிராமத்தில் விசாரித்து எழுதி வரச் சொன்னார். நிலம் யாருடையது, குத்தகை எவ்வளவு, கூலி என்ன, கடன் எத்தனை?

அந்தக் கணக்குகள் 1918-இல் புத்தகமாயின. அதில் இடம்பெற்ற தஞ்சை ஜில்லா ஊர் பாலக்குறிச்சி. இன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில், கீழ்வெண்மணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருவையாறு தலைமடை, அது கடைமடை. நாங்கள் பாய்ச்சி முடித்த பிறகுதான் அவர்களுக்குத் தண்ணீர்.

என் தாத்தா குத்தகைக்கு உழுதவர். மிராசுதார் வீட்டுக் கணக்கில் களத்தில் எத்தனை கலம் அளந்தது என்று இருக்கும். பண்ணையாள் வீட்டில் எத்தனை நாள் அடுப்பு எரியவில்லை என்று இருக்காது. ஸ்லேட்டரின் கேள்விகள் அந்த வீட்டு வாசலுக்கும் போயின.

1936-37-இல் பொருளாதார அறிஞர்கள் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டரின் ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். நடுவே 1934-இல் மேட்டூர் அணை வந்திருந்தது. பிறகு 1952-இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட தகராறில், அந்தக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 2019-இல் வேளாண் ஆய்வாளர்கள் பாலக்குறிச்சியையும் வெண்மணியையும் சேர்த்தே வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். நூறு வருஷத்துக்கு இப்படித் தொடர்ச்சியாகக் கணக்குள்ள கிராமங்கள் இந்தியாவிலேயே சொற்பம்.

ஸ்லேட்டர் சென்னையில் இருந்தது ஏழெட்டு வருஷத்துக்குள்தான். அவர் சொன்ன தத்துவங்களில் பல இன்று நிற்காது. திராவிடப் பண்பாட்டைப் பற்றி 1924-இல் அவர் எழுதிய நூலை ஆராய்ச்சி என்பதைவிட ஊகம் என்றுதான் சொல்ல வேண்டும். கேள்விப் பட்டியல் மட்டும் நின்றுவிட்டது. அடுத்து வந்தவரும் அதே ஊருக்குப் போய் அதையே கேட்க முடிந்தது என்பதுதான் அதன் பலம்.

டெல்டாவில் இன்று கல்லூரிகளுக்குக் குறைவில்லை. செமஸ்டர் விடுமுறையில் ஒவ்வொரு மாணவரும் சொந்த ஊரைக் கணக்கெடுக்கட்டும். நிலம் யார் பெயரில் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். நடவுக்கு வந்த பெண்ணுக்குக் கூலி எவ்வளவு என்பது இரண்டாவது.