நன்செயும் புன்செயும்: நிலக்கணக்கில் ஓர் அடைமொழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், சேத்தூரை அடுத்து அமைந்த தேவதானம், கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தைக் குறிக்கும் கல்வெட்டுச் சொல்லையே தன் பெயராகக் கொண்ட ஊர். தேவதானம், பிராமணருக்குரிய பிரமதேயம், சமண பௌத்தப் பள்ளிகளுக்குரிய பள்ளிச்சந்தம் ஆகிய சொற்கள் நிலம் யாருடையது என்பதைத் தெரிவிக்க, நன்செய், புன்செய் என்னும் இணைச்சொற்கள் நிலத்தின் தரத்தைத் தெரிவிப்பனபோல் தோன்றுகின்றன.

‘செய்’ என்பது வயல். நன்மை, புன்மை (இழிவு) என்னும் பண்புப்பெயர்கள் ஈற்று ‘மை’ கெட்டு அதனோடு சேர்ந்து, பேச்சில் நஞ்சை, புஞ்சை என மருவின. ‘நல்’ என்னும் அடை, சேரும் சொல்லுக்கேற்பப் பொருள் மாறும் இயல்புடையது: நல்லெண்ணெய் எள்ளின் எண்ணெய், நல்லதண்ணீர் உப்பில்லாத நீர், தென்மாவட்டத்து நல்லமிளகு, பின்னால் வந்த மிளகாயினின்று பழைய மிளகைப் பிரித்துக் காட்டுவது, நல்லபாம்பிலோ அது அச்சத்தை மறைக்கும் மங்கல வழக்கு.

நன்செயில் அது குறித்தது மண்வளத்தையன்று, நீர்வரவையே. மலையோடைகளால் நிரம்பும் கண்மாயின் மடைநீர் பாய்ந்து நெல் விளைந்தது நன்செய் எனவும், மானாவாரியாக, அதாவது மழையை மட்டும் நம்பிக் கம்பும் சோளமும் விளைந்தது புன்செய் எனவும் கணக்கில் ஏறின. நீருறுதியுள்ள நிலத்தின் மீதே உயர்ந்த தீர்வை விதிக்க முடிந்தமையால், இந்த ‘நன்மை’ உழுதவனுடைய மதிப்பீடு என்பதைவிட வரி தண்டியவனுடைய மதிப்பீடு என்று கொள்வதே பொருந்தும். ஆங்கிலேய வருவாய் அலுவலர்கள் ஈரநிலம், உலர்நிலம் எனப் பொருள்படப் பெயர்த்தெழுதியபோது நல்லது, இழிந்தது என்னும் தீர்ப்பு மறைந்தது. தீர்வை வேறுபாடு மறையவில்லை.

இப்பகுதிக்குக் கிழக்கே விரியும் கரிசல் இதற்கு எதிர்ச்சான்று. ஈரத்தை நெடுநாள் தேக்கிவைக்கும் அம்மண் ஏட்டில் புன்செயே. ஆயினும் அதில் விளையும் பருத்தியை மூலப்பொருளாகக் கொண்ட நூற்புத்தொழில்தான், 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலியவற்றால், வட்டாரத்தின் பெருஞ்செல்வமாயிற்று.

1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன்கள் மறைந்து, அரசு உழவரிடமே நேரடியாகத் தீர்வை பெறும் ரயத்துவாரி முறை பரவிய பின்னும் இச்சொற்கள் நீங்கவில்லை. இன்றைய பட்டாவிலும் புன்செய், நன்செய், மற்றவை என மூன்று பத்திகள் உள்ளன. மூன்றாவதற்கு மட்டும் அடைமொழி வாய்க்கவில்லை.