கோபகிரியின் ஐம்பது மாலைகள்: குவாலியர்ச் சாசனம் ஒன்றின் சமூகப் பகைப்புலம்

குவாலியர்க் கோட்டைக்குச் செல்வோர் பெரும்பாலும் மேற்குப் புறத்து உர்வாய் வழியாக வாகனத்தில் ஏறிவிடுகின்றனர். நாம் கிழக்கே, குஜரி மஹாலின் அருகிலிருந்து, பழைய பாதையால் நடந்தே ஏறினோம். இலக்குமண வாயிலை அணுகும் இடத்தில், மலைப்பாறையிலேயே குடைந்தெடுக்கப்பட்ட சிறு விஷ்ணு கோயில் ஒன்று உண்டு. சதுர்புஜர் கோயில் என்பர். மேலே மான்சிங் தோமரின் அரண்மனை நீல ஓடுகளுடன் கண்ணைப் பறிக்கும்போது இதன்முன் நிற்பார் சிலரே. நிற்போரும் உட்சுவரிலுள்ள சாசனத்தில் ஒரு சிறு வட்டத்தைத் தேடியே நிற்கின்றனர். அவ்வட்டம் பூச்சியம்.

'பூச்சியம் பிறந்த இடம்' என்று வழிகாட்டிகள் கூறுவதை நாமும் கேட்டோம். இது பிழை. கம்போடியாவின் சம்போர்ச் சாசனத்தில், சக ஆண்டு 605ஐக் குறிக்குமிடத்தில், அதாவது கி.பி. 683இல், பூச்சியம் ஒரு புள்ளியாக வந்துவிடுகிறது. குவாலியர்ச் சாசனம் விக்கிரம ஆண்டு 933, அதாவது கி.பி. 876ஐச் சேர்ந்தது. அதனைப் பொறித்தவன் 270 என்றும் 50 என்றும் எவ்விதத் தயக்கமுமின்றி எழுதிச் செல்கிறான். அவனுக்கு அது புதுமையன்று. அன்றாடக் கணக்கின் வழக்கு. அவ்வெண்கள் எவற்றை அளந்தன என்பதே நமக்கு முக்கியமான வினாவாகும். பெருமை பேசுவோர் இவ்வினாவை எழுப்புவதில்லை.

சாசனம் கூறுவது இதுதான். கூர்ஜர-பிரதிகார அரசன் போஜனின் காலத்தில் கோபகிரிக் கோட்டையின் காவல் அதிகாரியாயிருந்தவன், வைல்லபட்டனின் மகன் அல்லன். அவன் எடுப்பித்த நவதுர்க்கை கோயிலுக்கு, நகரத்தார் அனைவரும் கூடி, தமக்குரிய சூடாபல்லிகா என்னும் ஊரில் நீளம் 270 முழமும் அகலம் 187 முழமும் கொண்ட நிலத்தைப் பூந்தோட்டத்திற்காக வழங்கினர். முழத்தை ஒன்றரை அடியெனக் கொண்டால் இது இரண்டரை ஏக்கருக்குச் சற்று அதிகம். வேறோர் ஊரில் வயல்களும் வழங்கப்பட்டன. எண்ணெய் ஆட்டுவோரின் தலைவர்கள், செக்கு ஒன்றுக்கு ஒரு பாலிகை எண்ணெய் வீதம் திங்கள்தோறும் வளர்பிறை நவமியில் அளிக்க உடன்பட்டனர். மாலை கட்டுவோரின் தலைவர்கள் நாள்தோறும் 50 மாலைகள் தருவதற்கு உடன்பட்டனர். ஆண்டொன்றுக்கு 18,250 மாலைகள். அதுவும் என்றென்றைக்குமாக.

தமிழ்ச் சாசனங்களோடு பழகியோருக்கு இது அந்நியமான உலகமன்று. திருநந்தவனப் புறமும் நொந்தா விளக்கும் சோழர்காலக் கல்வெட்டுகளில் பக்கந்தோறும் வருவன. விளக்கு நெய்க்கென இடையரிடம் ஒப்படைக்கப்பட்ட ஆடுகள் 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. ஆடு சாவாதிருப்பதில்லை. செத்த ஆட்டை ஈடுசெய்யும் பொறுப்பை இடையனும் அவன் சந்ததியும் சுமந்தமையாலேயே மந்தை சாவாதிருந்தது. குவாலியரின் 'என்றென்றைக்கும்' என்ற சொல்லுக்குள்ளும் இவ்வாறான ஒரு சுமைப் பகிர்வே மறைந்திருக்கிறது எனல் பொருந்தும்.

இவ்விடத்தில் நமது பழைய நிலைப்பாடொன்றை மீளாய்வு செய்தல் அவசியமாகிறது. 1965இல் வெளிவந்த ஆர். எஸ். சர்மாவின் 'இந்திய நிலமானியம்' பற்றிய நூல், குப்தர் காலத்தின் பின்னர் நாணயப் புழக்கமும் வணிகமும் நலிந்தன, நகரங்கள் தேய்ந்தன, நிலக்கொடைகளின் வழியே கிராமியத் தன்னிறைவும் இடைநிலை நிலவுடைமையாளரும் தோன்றினர் என்னும் சட்டகத்தைத் தந்தது. கொசாம்பியின் வழிவந்த இவ்வாய்வு, அரசவமிசப் பட்டியலையே வரலாறெனக் கொண்டவர்களுக்குத் தக்க விடையாக அமைந்தது. நாமும் மாணவர்க்குப் பல்லாண்டுகள் இதனையே கற்பித்தோம். ஆயின் 876இன் கோபகிரியிலே நாம் காண்பது தேய்ந்த நகரமன்று. தனக்கென ஊர் ஒன்றையே சொத்தாகக் கொண்ட நகரம்; வணிகத் தலைவர்கள் அமர்ந்த அவை; செக்குகளை எண்ணி வரையறுக்கக்கூடிய அளவுக்குத் தொழில் பிரிந்து ஒழுங்குபட்டிருந்த குழுக்கள். பி. டி. சட்டோபாத்தியாய 1974இலேயே இச்சாசனத்தையும் இதையொத்த வேறு சிலவற்றையும் கொண்டு நகரத் தேய்வுக் கொள்கையின் எல்லைகளைச் சுட்டியிருந்தார். அதனை அன்றே படித்தும் நாம் அடிக்குறிப்பாக ஒதுக்கியமை நேர்மையான செயலன்று. சட்டகத்துக்கு ஒவ்வாத சான்றை விதிவிலக்கெனத் தள்ளுதல் மார்க்சிய முறையியலாகாது. அது நாம் கண்டித்துவந்த மரபுவாதிகளின் முறையே.

எனினும் நகரம் இருந்தது என்பதனால் சுரண்டல் இல்லாதொழிந்தது எனக் கொள்ளுதல் மற்றோர் எல்லைக்குச் செல்வதாகும். 'நகரத்தார் அனைவரும்' என்ற தொடரை அப்படியே ஏற்கவியலாது. சாசனத்தில் பெயர் பெறுவோர் குழுக்களின் தலைவர்கள். செக்கிழுத்தவர், பூப்பறித்த பெண்கள், நீர் இறைத்தவர் ஆகியோர் பெயரின்றி நிற்கின்றனர். செக்கு ஒன்றுக்கு இவ்வளவு என்னும் ஏற்பாடு பக்தியின் காணிக்கையா, அன்றிக் கோட்டைக் காவலனின் கோயிலுக்காகத் தலைவர்கள் தம் குழுவினர்மீது சுமத்திய வரியா? இரண்டிற்கும் இடையிலான கோடு அக்காலத்தில் தெளிவாக இருந்திருக்குமா என்பதே ஐயம். கொடையெனும் கருத்துநிலையின் வலிமை அக்கோட்டை அழிப்பதில்தான் உள்ளது.

குன்றின் மேலே, எல்லாக் கட்டடங்களிலும் உயரமானதாக, ஏறத்தாழ 30 மீற்றர் எழுந்து நிற்பது தேலி கா மந்திர். 'எண்ணெய்க்காரன் கோயில்' என்பது இதன் பொருள். வண்டிக்கூடு போன்ற அதன் கூரை வடநாட்டுச் சிகரத்தை ஒத்ததன்று. மாமல்லபுரத்து வீமரதத்தைக் கண்டவர் அதனை உடனே நினைவுகூர்வர். கீழேயுள்ள சாசனத்தைப் படித்துவிட்டு இங்கு வருபவருக்கு, எண்ணெய் ஆட்டுவோரே இதனைக் கட்டினர் என்று எழுதும் ஆசை எழுவது இயல்பு. நமக்கும் எழுந்தது. ஆனால் பெயர் பிற்கால வழக்கு. 'தெலுங்கானா' என்பதன் திரிபென்பாரும் உளர். எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் இத்தகைய கட்டடத்துக்கு வேண்டிய உபரியைத் திரட்டவல்லது ஆளும் வர்க்கமே. உழைப்போர்மீது கொண்ட பரிவினாலும் சான்றில்லாததைச் சொல்லலாகாது.

மாமி-மருமகள் கோயில் என இன்று வழங்குவது 1093இல் கச்சபகாத அரசன் மகிபாலன் காலத்தது. 'சகஸ்ரபாகு' என்பதன் மருவல் என்பர். திரும்புகையில் உர்வாய்ப் பள்ளத்தாக்கு வழியே இறங்கினோம். தோமர்களான டுங்கர் சிங், கீர்த்தி சிங் ஆகியோரின் காலத்தில், பதினைந்தாம் நூற்றாண்டில், பாறையிற் செதுக்கப்பட்ட சமணப் பேருருவங்கள் அங்குள்ளன. அவற்றைச் சிதைக்குமாறு கட்டளையிட்டதைப் பாபர் தாமே பதிந்துள்ளார். இச்செய்தியை இன்று மதப்பகைக்கு எருவாக்குவோர், அவ்வுருவங்களைச் செய்வித்த சமண வணிகரின் பொருள்வளம் எங்கிருந்து வந்ததென்று கேட்பதில்லை. 1858 யூனில் சிந்தியாவின் படையே கிளர்ச்சியாளருடன் இணைந்தபோது மன்னர் ஆக்ராவுக்கு ஓடினார் என்பதும், அதன்பின் இக்கோட்டை 1886 வரை பிரித்தானியர் வசமிருந்தது என்பதும் வேறொரு கட்டுரைக்குரியன.

நம் மனத்தில் நின்றது சாசனத்தின் மற்றொரு வரி. கொடுக்கப்பட்ட வயல் எது என்பதைக் காட்டுவதற்காக, அதனை உழுதவனின் பெயர் குறிக்கப்படுகிறது. எல்லையை அடையாளங்காட்டவேனும் உழவனின் பெயர் தேவைப்பட்டது. நிலம் கைமாறியபின் அவன் அங்கு தொடர்ந்து உழுதானா, விளைச்சலில் அவன் பங்கு மாறிற்றா என்பவை குறித்துச் சாசனம் மௌனமாயுள்ளது. பத்தாம் நூற்றாண்டுச் சீயதோணிச் சாசனத்தில் வெற்றிலை விற்போர், கல்தச்சர், மதுவடிப்போர் ஆகியோரின் கொடைகளும் வருகின்றன. அவ்விரண்டையும் சோழநாட்டு நகரத்தார் கல்வெட்டுகளோடு வரிக்குவரி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். அப்பணியை நாம் தொடங்கியுள்ளோம்.