குன்றிமணியின் தோல்

'வீட்டில் ஒரு குந்துமணித் தங்கம்கூட இல்லை' என்று சொல்லும்போது நாம் எடையைத்தான் நினைக்கிறோம். அந்த எடைக்குப் பெயர் தந்த விதையை நினைப்பதில்லை. தட்டார்களின் பழைய கணக்கில் ஒரு குன்றிமணி ஏறத்தாழ 130 மில்லிகிராம். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி. விநாயக சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாரின் கண்களும் இவ்விதைகளே. பல்லாங்குழியில் சோழிக்கும் புளியங்கொட்டைக்கும் மாற்றாக இவை உருண்டிருக்கின்றன. நம்மில் சிலர் சிறுவயதில், பிள்ளையாரைக் கரைக்கும் முன் அவர் கண்களைப் பெயர்த்தெடுத்து டப்பாவில் சேர்த்ததும் உண்டு. இப்படிக் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருந்துவந்த இந்த விதைக்குள் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது.

அப்படியானால் இத்தனை காலம் இது வீட்டுக்குள் எப்படிப் புழங்கியது? விடை விதையின் தோலில் இருக்கிறது. முற்றிய குன்றிமணியின் தோல் மிகக் கடினமானது. தோல் உடையாமல் விழுங்கப்பட்டால், பெரும்பாலும் விழுங்கியபடியே வெளியேறிவிடும். கடித்து மென்றாலோ, விதையில் முன்பே துளையிட்டிருந்தாலோ கதை வேறு. முற்றாத விதையின் தோல் மென்மையானது. பல்லுக்கு எளிதில் உடையும். போதாததற்கு இக்கொடியின் இலை இனிக்கும். அதிமதுரத்துக்கு மாற்றாகவே அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இலையை மென்று சுவை கண்ட குழந்தை, வெடித்த காயிலிருந்து சிவப்பும் கறுப்புமாக எட்டிப்பார்க்கும் விதையையும் வாயிலிடுவதில் வியப்பில்லை.

இந்நஞ்சு உடனே தன்னைக் காட்டிக்கொள்வதுமில்லை. வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கச் சில மணி நேரம் ஆகலாம், ஒரு நாளைக்கு மேலும் ஆகலாம். தோட்டத்தில் தின்றதைக் குழந்தை அதற்குள் மறந்திருக்கும். அல்லது அடிக்குப் பயந்து மறைத்திருக்கும். பெற்றோருக்கு அது சாதாரண வயிற்றுக் கோளாறாகத் தோன்றும். மலத்தில் இரத்தம் கலந்து, உடலின் நீர் வற்றத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்கு ஓடுவார்கள்.

இவ்விதையைப் பற்றிய நவீன அறிவு வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால், அதில் குழந்தைக்கு ஓரத்தில்தான் இடம் கிடைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அரசின் கவலை மாடுகளைப் பற்றியது. குன்றிமணியை அரைத்த விழுதை ஊசிபோல உருட்டி வெயிலில் காயவைத்து, கழியில் பொருத்தி மாட்டின் தோலுக்குள் செலுத்திக் கொல்லும் வழக்கம் வட இந்தியாவில் இருந்தது. அந்த ஊசிக்குச் 'சுயி' என்று பெயர். தோலுக்காக மாடுகளைக் கொல்கிறார்கள் என்று தோல் தொழில் செய்த சமார் சாதியினர் மீது ஒட்டுமொத்தமாகப் பழி விழுந்தது. (ஒரு சிலரின் குற்றத்தை ஒரு சாதியின் இயல்பாக எழுதிவைப்பது அக்கால அரசுக்குக் கைவந்த கலை.) சட்ட மருத்துவம் குற்றவாளியைத் தேடும் துறை. தானே எடுத்துக் கடித்த குழந்தையின் சாவில் குற்றவாளி யாருமில்லையே!

இதே காலத்தில் ஐரோப்பாவில் குன்றிமணி மருந்தாகவும் நுழைந்தது. 1882இல் பாரிஸ் கண் மருத்துவர் லூயி த வெக்கர், பிரேசில் நாட்டு வழக்கத்தைப் பின்பற்றி, விதை ஊறிய நீரைக் கண்ணோய்க்குப் பயன்படுத்தலானார். கண்ணில் ஏற்பட்ட கடும் அழற்சிக்குக் காரணம் ஒரு கிருமியே என்று சிலர் வாதிட்டனர். 1884இல் கல்கத்தாவில் வார்டன், வாடெல் ஆகிய இருவரும் அது கிருமியன்று, விதையிலேயே உள்ள நஞ்சு என்று நிறுவினர்.

அடுத்து வந்தவர் ஜெர்மனியின் பால் எர்லிக். ஆமணக்கு விதையின் ரிசினையும் குன்றிமணியின் அப்ரினையும் எலிகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்து, அவற்றின் உடல் நஞ்சைத் தாங்கப் பழகுவதை 1891இல் காட்டினார். மறு ஆண்டு அவர் செய்த சோதனை அழகானது. நஞ்சுக்குப் பழகிய தாய் எலியிடம் வேறொரு தாயின் குட்டிகளை விட்டுப் பால் குடிக்கச் செய்தார். அக்குட்டிகளும் நஞ்சைத் தாங்கின. தாய்ப்பால் வழியே நோய் எதிர்ப்பு பிள்ளைக்குச் செல்கிறது என்ற அறிவுக்கு நம் ஊர் வேலியில் படரும் கொடியும் ஒரு காரணம். ஆனால் விதையைக் கடித்த குழந்தைக்குக் கொடுக்க முறிமருந்து இன்றுவரை இல்லை. நீரிழப்பைச் சரிசெய்து, உடல் தானே மீளும்வரை தாங்கிப்பிடிப்பதுதான் சிகிச்சை. உரிய நேரத்தில் வந்தவர்களில் பலர் பிழைத்திருக்கிறார்கள்.

நம் வைத்திய மரபுக்கு இந்நஞ்சு புதிதன்று. குன்றிமணியைப் பாலிலோ காடியிலோ வேகவைத்துச் சுத்தி செய்த பிறகே ஆயுர்வேதம் மருந்தில் சேர்க்கிறது. அப்ரின் ஒரு புரதம், வெப்பத்தில் சிதையும். அரண்மனை எடைக்கற்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் வரலாற்று நூல்கள் இந்த அடுப்படி அறிவைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

லின்னேயஸ் இக்கொடிக்கு இட்ட பெயரின் பின்பாதியான பிரகடோரியஸ், செபமாலையைக் குறிப்பது. மாலையாகக் கோக்க வேண்டுமானால் துளையிட வேண்டும். துளையிட்டால் தோலின் காவல் போய்விடும். 2011 டிசம்பரில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள ஈடன் ப்ராஜெக்ட் என்னும் தாவரப் பூங்கா, தான் விற்ற கைவளையங்களைத் திருப்பித் தருமாறு மக்களைக் கேட்டுக்கொண்டது. பெரு நாட்டில் செய்யப்பட்ட அந்த வளையங்களில் கோக்கப்பட்டிருந்தவை குன்றிமணிகள்.