பட்டப்பின் படிப்பும் காலவரையறையும்



பல்கலைக்கழகத்திலே முதற்பட்டம் பெற்ற ஒருவர் மேலும் கற்க விரும்பி விண்ணப்பிக்கும்பொழுது, அவர் கையிற் கிடைக்கும் விதிமுறைக் கோவையில் இரண்டு செய்திகள் முதன்மை பெறுகின்றன. யார் பதிவு செய்துகொள்ளலாம் என்பது ஒன்று. குறைந்தது எத்தனை ஆண்டு பயிலவேண்டும், எத்தனை ஆண்டுக்குள் முடிக்கவேண்டும் என்பது மற்றொன்று. இவை அலுவலகத்து எழுதுவினைஞர் வகுத்த வெறுங் கணக்குகள் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயின், இவற்றுக்கு எண்ணூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை நாம் அறிவோமாயின், இவ்விதிகள் எதனைக் காப்பதற்காக எழுந்தன என்பதும், எவ்விடத்து அவை நெகிழ்ந்து கொடுத்தல் வேண்டும் என்பதும் தெளிவாகும்.

ஐரோப்பாவிலே பல்கலைக்கழகங்கள் தோன்றிய பன்னிரண்டாம் நூற்றாண்டிலிருந்து தொடங்குவோம். இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரம் அக்காலத்திற் சட்டக்கல்விக்குப் பேர்பெற்று விளங்கியது. அல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் மாணவர் அங்கு வந்து கூடினர். அந்நிய நகரிலே அவர்களுக்குக் காவல் இல்லை. ஒரு நாட்டான் கடன்பட்டு ஓடிவிட்டால், அவன் நாட்டவர் என்ற காரணத்துக்காக ஒரு பாவமும் அறியாத மாணவனின் பொருளைப் பறிமுதல் செய்வதும் அக்கால வழக்கமாயிருந்தது. 1158ஆம் ஆண்டிலே பிரெடெரிக் பார்பரோசா என்னும் பேரரசன், கல்வி கற்கச் செல்வோர் அச்சமின்றிப் பயணஞ் செய்யலாம் என்றும், பிறர் கடனுக்கு அவர்களைப் பொறுப்பாளிகளாக்கலாகாது என்றும், அவர்கள்மீது வழக்கு எழுந்தால் தம் ஆசிரியர் முன்னோ ஆயர் முன்னோ விசாரணையை வேண்டலாம் என்றும் சட்டம் வகுத்தான்.

மாணவனுக்குச் சலுகை உண்டு என்றதும், மாணவன் என்பவன் யார் என்ற வினா எழுவது இயல்பே. புத்தகப் பையைத் தோளில் மாட்டிய ஒவ்வொருவனும் தன்னை மாணவன் எனக் கூறிக்கொள்ள முடியுமல்லவா? இதற்குத் தெளிவான விடை பாரிஸ் பல்கலைக்கழகத்தில் 1215ஆம் ஆண்டிற் கிடைத்தது. போப்பாண்டவரின் தூதுவராக வந்த ரொபேர்ட் த கூர்சோன் என்பவர் அவ்வாண்டு வகுத்த விதிகளில், குறிப்பிட்ட ஓர் ஆசிரியரைக் கொண்டிராத எவனும் பாரிஸில் மாணவனாகக் கருதப்படமாட்டான் என்பது ஒன்று. ஆசிரியருக்குத் தம் மாணவன்மீது அதிகாரமும் அளிக்கப்பட்டது. மாணவர் பெயரைப் பட்டியலில் எழுதிவைக்கும் வழக்கமும் மெல்ல வேரூன்றியது. அப்பட்டியலுக்கு இலத்தீன் மொழியில் மற்றிக்குலா என்று பெயர். நம் பாட்டனார் காலத்தில் இலங்கையெங்கும் வழங்கிய மற்றிக்குலேசன் என்னும் சொல் அதிலிருந்து வந்ததே. பதிவு செய்தல் என்பது, ஓர் ஆசிரியர் ஒரு மாணவனைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார் என்பதற்குச் சான்றாகவே தோன்றியது.

இனி, ஆண்டுக் கணக்கைப் பார்ப்போம். அதே 1215ஆம் ஆண்டு விதிகளின்படி, பாரிஸிலே கலைப்பாடங்களைக் கற்பிக்க விரும்புவோன் இருபத்தொரு வயது நிரம்பியவனாயிருத்தல் வேண்டும். குறைந்தது ஆறாண்டு பாடங் கேட்டிருத்தல் வேண்டும். பின்னர் ஈராண்டாயினும் கற்பிப்பதாக வாக்களித்தல் வேண்டும். இறையியல் கற்பிப்போனுக்கு வயது முப்பத்தைந்து, கல்விக்காலம் எட்டாண்டு. இவ்வளவு நீண்ட காலத்தை ஏன் விதித்தனர்? அச்சு இயந்திரம் தோன்றாத காலம் அது. நூல்கள் கையால் எழுதப்பட்டன, விலையோ பெரிது. ஆதலின், ஆசிரியர் வாசித்து விளக்கக் கேட்பதே கல்வியாயிருந்தது. எத்தனை ஆண்டு கேட்டான் என்பதே ஒருவன் எவ்வளவு கற்றான் என்பதற்கு அளவுகோலாயிற்று. அன்றியும், அக்காலத்துப் பட்டம் கற்பிப்பதற்கான அனுமதியாகும். ஆசிரியனாக வரப்போகின்றவனிடம் கற்கவிருக்கும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பாகவே இந்த ஆண்டுக் கணக்கு அமைந்தது.

பழைய கணக்கின் சுவடு இன்றும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் காணப்படுகின்றது. அங்கே கலைமாணிப் பட்டம் பெற்ற ஒருவர், முதன்முதற் பதிவு செய்த நாளிலிருந்து இருபத்தொரு தவணைகள், அதாவது ஏழாண்டுகள் கழிந்தபின், வேறு பரீட்சை எதுவுமின்றியே முதுகலைமாணி ஆகலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அளவுகோல் மாறியது. 1810ஆம் ஆண்டிற் கற்பித்தலைத் தொடங்கிய பேர்லின் பல்கலைக்கழகமும் ஏனைய ஜேர்மானியப் பல்கலைக்கழகங்களும், கற்றதைத் திருப்பிச் சொல்லுதல் போதாது, புதிய அறிவைத் தேடிக் காணவேண்டும் என்ற கொள்கையைப் பரப்பின. கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேடே உயிர்நாடி ஆயிற்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1861இல் மூவருக்கு அப்பட்டத்தை வழங்கியது. அந்நாட்டில் அதுவே முதன்முறை. இங்கிலாந்தோ நெடுங்காலம் தயங்கி நின்று, 1917இலேயே ஒக்ஸ்போர்டில் ஆய்வுக் கலாநிதிப் பட்டத்தை ஏற்படுத்தியது. ஆய்வேடு அளவுகோலான பின்னரும் பழைய ஆண்டுக் கணக்கு நீங்கவில்லை. பல்கலைக்கழக நகரிலே இத்தனை தவணை வசித்திருத்தல் வேண்டும் என்ற விதி புதிய பட்டத்தோடும் ஒட்டிக்கொண்டது.

நகரிலே வசித்தல் வேண்டும் என்னும் விதி தொலைவில் வாழ்வோருக்குப் பெருந்தடையாகும். முதற்பட்டத்தைப் பொறுத்தவரை அத்தடையை உடைத்தது இலண்டன் பல்கலைக்கழகம். 1858ஆம் ஆண்டுப் பட்டயத்தின்மூலம், எந்தக் கல்லூரியிலும் வருகை தராதவர்கூடத் தன் பரீட்சைகளுக்குத் தோற்ற அது வழி திறந்தது. அந்த வழியால் இலங்கையர் பெற்ற நன்மை பெரிது. 1921இற் கொழும்பிலே தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இல்லை. அதன் மாணவர் இலண்டன் பரீட்சைகளுக்கே தோற்றினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்ட பின்னரே நம் நாட்டுப் பட்டம் பிறந்தது. எனினும், அதன் பின்னரும் கலாநிதிப் பட்டம் நாடிய நம்மவர் பலர் கடல் கடந்தே சென்றனர். சு. வித்தியானந்தன் இலண்டனிலும், க. கைலாசபதி பேர்மிங்காமிலும் தமிழ் இலக்கியத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றமை நேயர்கள் பலர் அறிந்ததே. புலமைப்பரிசிலோ சம்பளத்துடன் விடுமுறையோ கிடையாதவருக்கு அக்கரை எட்டாக்கனியாகவே இருந்தது.

விதியை நெகிழ்த்தினால் பட்டத்தின் தரம் தாழ்ந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவர்களுக்கு இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டலாம்.

முதலாவது, கணிதமேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றியது. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிப் பரீட்சையிற் சித்தியடையாத அவருக்கு முதற்பட்டமே இல்லை. ஆயினும், அவருடைய திறமையைக் கண்ட சென்னைப் பல்கலைக்கழகம் 1913இல் மாதம் 75 ரூபாவாக ஈராண்டுக்கு ஆய்வுப் புலமைப்பரிசில் வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் ஆய்வின் முன்னேற்றத்தை எழுதிக் கொடுத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. 1914இல் இங்கிலாந்து சென்ற அவரை, உரிய தகுதிச் சான்று இல்லாதிருந்தும், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பதிவு செய்துகொண்டது. 1916 மார்ச்சில், ஆய்வின் அடிப்படையிலே கலைமாணிப் பட்டத்தை அவருக்கு வழங்கியது. அங்கே கலாநிதிப் பட்டம் ஏற்படாத காலம் அது.

இரண்டாவது, தத்துவஞானி லுட்விக் விட்கன்ஸ்டைனைப் பற்றியது. முதலாம் உலகப் போருக்கு முன் கேம்பிரிட்ஜிற் பயின்ற அவர், போர்க்களம் சென்று, சிறைப்பட்டு, பின்னர் நாட்டுப்புறப் பாடசாலை ஆசிரியராகப் பணிபுரிந்து, 1929 சனவரியில் மீண்டும் அங்கு வந்தார். போருக்கு முன் அவர் அங்கு வசித்த காலம் கணக்கிற் சேர்க்கப்பட்டது. முன்னரே அச்சாகிவிட்ட அவருடைய நூலே ஆய்வேடாக ஏற்கப்பட்டது. அவ்வாண்டு யூனில், ரஸல், மூர் என்னும் பேரறிஞர் இருவரும் வாய்மொழிப் பரீட்சை நடத்தினர். போரினால் அறுந்த ஆண்டுகளைப் பல்கலைக்கழகம் இணைத்துக்கொண்டதனால் தரம் தாழவில்லை. பரீட்சையை அது கைவிடவுமில்லை.

இனி, விதி இறுகி நின்றதனால் விளைந்த தீங்கையும் காண்போம். கிறிஸ்ரின் லாட் பிராங்ளின் என்னும் அம்மையார் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலே கணிதமும் தருக்கமும் பயின்று, 1882இற் கலாநிதிப் பட்டத்துக்குரிய யாவற்றையும் நிறைவுசெய்தார். பெண் என்ற காரணத்தாற் பட்டம் மறுக்கப்பட்டது. அது அவர் கைக்கு வந்தபொழுது ஆண்டு 1926. அவருக்கு வயது 78.

இதனினும் கொடியது ஜேர்மனியில் நிகழ்ந்தது. இங்கபோர்க் ரப்பபோர்ட் என்னும் மருத்துவ மாணவி, தொண்டைக்கரப்பான் நோயைப் பற்றிய ஆய்வேட்டை 1938இல் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தார். தாயார் யூத குலத்தவர் என்பதால், நாற்சி ஆட்சியில் அவருக்கு வாய்மொழிப் பரீட்சை எழுதும் உரிமை மறுக்கப்பட்டது. அமெரிக்கா சென்று மீண்டும் மருத்துவம் பயின்ற அவர், பிற்காலத்திற் கிழக்குப் பேர்லினிலே குழந்தை மருத்துவப் பேராசிரியராக உயர்ந்தார். 2015 மே மாதத்திலே ஹம்பேர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் மூவர் அவர் இல்லம் சென்று, எழுபத்தேழு ஆண்டு தடைப்பட்டிருந்த பரீட்சையை நடத்தினர். கௌரவப் பட்டம் ஒன்றை அளித்து விடயத்தை முடித்துக்கொள்ளாமல், முறைப்படி வினாக்கள் தொடுத்தனர். அவரும் விடை பகர்ந்து சித்தியெய்தினார். அடுத்த மாதம் பட்டம் பெற்றபொழுது அவருக்கு வயது 102.

நிற்க. மேல் எல்லை என்று ஒன்று வேண்டுவதேயில்லையா என்று நேயர்கள் வினவலாம். வேண்டுவதுதான். காலம் நீள நீள ஆய்வுப் பொருள் பழமையடைகின்றது. வழிகாட்டும் ஆசிரியர் ஓய்வுபெற்றுச் செல்கின்றார். பின்வருவோருக்கு இடமில்லாமற் போகின்றது. 1999ஆம் ஆண்டிலே ஐரோப்பிய நாடுகள், பழைய அந்தப் பொலோஞா நகரிலேயே கூடி, உயர்கல்வியை ஒரு சீர்மைக்குக் கொண்டுவர உடன்பட்டன. அதன் தொடர்ச்சியாக 2005இலே, கலாநிதிப் படிப்பின் வழக்கமான காலம் முழுநேரமாக மூன்று முதல் நான்கு ஆண்டுகள் என வரையறுத்தன. நம் நாட்டிலே 2012இல் வெளியான தகைமைச் சட்டகம், முதுதத்துவமாணிக்கு ஈராண்டும் கலாநிதிப் பட்டத்துக்கு மூன்றாண்டும் குறைந்தபட்ச ஆய்வுக்காலமாகக் குறித்தது. முழுநேரம் கற்போருக்கு இவை தகுந்த அளவுகளே. ஆனால், நம் நாட்டிற் பட்டப்பின் படிப்பை நாடுவோரிற் பலர் பாடசாலை ஆசிரியர்கள். பகலெல்லாம் கற்பித்து, இரவிலும் வார இறுதியிலும் கற்போர் அவர்கள்.

அத்தகைய ஒருவரை நான் அறிவேன். நான் இளம் ஆசிரியனாகச் சேர்ந்த பாடசாலையிலே மூத்த தமிழாசிரியராயிருந்தவர் அவர். வலிகாமத்து ஊர்ப்பெயர்களையும் குறிச்சிப் பெயர்களையும் ஆராய்வதற்காக முதுகலைமாணிப் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தார். துவிச்சக்கரவண்டியில் ஊரூராகச் சென்று, பழைய காணி உறுதிகளிலும் முதியோர் வாய்மொழியிலும் பெயர்களைத் திரட்டினார். 1995 ஐப்பசி மாதத்து இடப்பெயர்விலே நாங்கள் யாவரும் ஒரே இரவில் வீதிக்கு வந்தோம். அவருடைய குறிப்புப் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டியில் வீட்டிலேயே தங்கிவிட்டன. மீண்டு வந்தபொழுது வீடும் இல்லை, பெட்டியும் இல்லை. சில ஆண்டுகளில் மனத்தைத் தேற்றிக்கொண்டு, தாம் பதிந்த நிறுவனத்துக்கு எழுதினார். காலம் கடந்துவிட்டது, புதிதாகப் பதிவு செய்க என்று விடை வந்தது. அவர் பிறகு பதிவு செய்யவில்லை. அவருக்குப் பெயர் சொல்லிய முதியோரும் ஒவ்வொருவராக மறைந்தனர். ஒரு பட்டம் தவறியது அவருக்கு நட்டம். அந்தப் பெயர்கள் எழுதப்படாமற் போனது நம் எல்லோருக்கும் நட்டம்.

அக்கடிதத்தை எழுதிய அலுவலர்மீது எனக்கு மனக்குறை இல்லை; அவர் தம் முன்னிருந்த விதிப்படியே எழுதினார். விதி வகுப்போரிடமே என் வேண்டுகோள். பட்டப்பின் படிப்பிலே மூன்று காரியங்கள் நெகிழலாகாதன: பொறுப்பேற்கும் ஆசிரியர், உண்மையான உழைப்பு, நேர்மையான பரீட்சை. எண்ணூறு ஆண்டாக நிலைத்து வந்திருப்பவை இவையே. ஆண்டுக் கணக்கோ இவற்றைக் காப்பதற்காக இடப்பட்ட வேலி. நோயும் போரும் பேரிடரும் வந்தபொழுது அந்தக் கணக்கை நிறுத்திவைக்கவும், அறுந்த ஆண்டுகளை இணைத்துக்கொள்ளவும் விதியிலேயே இடம் இருத்தல் வேண்டும். கேட்டவருக்கு மாத்திரம் தயவாக வழங்கப்படாமல், யாவருக்கும் உரிமையாக அது எழுதப்படல் வேண்டும்.

படிப்பை இடையில் விட்ட ஆசிரியர் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பின், அவருக்கும் ஒரு சொல். நூற்றிரண்டு வயதிலே மூன்று பேராசிரியர் முன் அமர்ந்து விடை பகர்ந்த அந்த அம்மையாரை எண்ணிப் பாருங்கள். உங்கள் குறிப்புப் புத்தகம் இன்னும் கைவசம் இருக்குமாயின், இன்றிரவே அதனை எடுத்துத் தூசி தட்டுங்கள்.