செம்பாட்டுக் குரக்கன்: மண்ணின் கொடையா, மனித உழைப்பா?

ரோவிலில் நண்பர் ஒருவரின் வீட்டில் குரக்கன் பிட்டு பரிமாறப்பட்டபோது எழுந்த பேச்சே இக்கட்டுரைக்குக் காரணம். மா, டண்டினோங்கில் வாங்கியது, இந்தியாவில் விளைந்தது. "எங்கட செம்பாட்டுக் குரக்கன்ர ருசி இதில வராது. அது சுண்ணாம்புக்கல்லுக்கு மேல விளைஞ்ச சாமான்" என்றார் அங்கிருந்தவர்களுள் மூத்தவர். எவரும் மறுக்கவில்லை. ஊரைப் பற்றிய இத்தகைய கூற்றுகளை மறுப்பது எம்மிடையே ஏறத்தாழத் துரோகமாகிவிட்டது. எனினும் இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை வரலாற்றோடு வைத்து நோக்குவது பயனுடையது.

முதலில், குரக்கன் எம் மண்ணில் தோன்றிய பயிரன்று. அதன் பிறப்பிடம் கிழக்காபிரிக்க மேட்டுநிலங்கள். கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தனது நூலில் இத்தானியத்தைக் குறிப்பிடுகிறார். தாவரவியலாளர் இதற்கு வழங்கும் 'எலூசின் கொரக்கானா' என்ற பெயரில் எமது தீவின் சொல்லே ஒலிக்கிறது. வந்தேறிய பயிர், பெயரை மட்டும் இங்கிருந்து பெற்றுக்கொண்டது.

குடாநாட்டின் புவியியல் இப்பயிருக்கு உதவியது என்பதில் ஐயமில்லை. வருடம் முழுவதும் ஓடும் ஆறு அங்கில்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. கிணறுகள் இதனையே நம்பியிருந்தன. வலிகாமத்தின் செம்பாட்டு மண் நீரை விரைவில் வடியவிடும். நீர் தேங்கினால் குரக்கனின் வேர் கெடும். ஈரப்பதன் மிகுந்தால் எரிபந்த நோய் தாக்கிக் கதிர் பதராகும். நன்கு வடியும் மண், வேண்டியபோது கிணற்றுநீர், அறுவடையின்போது கடும் வெயில் ஆகிய மூன்றும் கூடினால் மணி முற்றித் திரளும், நன்கு காயும், நீண்டகாலம் இருக்கும். மழையை மட்டும் நம்பிய வன்னிச் சேனைக் குரக்கனுக்கு இந்த உறுதி இருக்கவில்லை. எரித்த காட்டின் சாம்பல் ஓரிரு போகங்களுக்கே வளம் தரும்; பின் வேறு காடு வெட்டவேண்டும்.

ஆயின், சுண்ணக்கல்லில் விளைவதாலேயே குரக்கனில் சுண்ணச்சத்து மிகுதி என்பது தவறு. 100 கிராம் குரக்கனில் ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. அரிசியில் 10 அளவில்தான். கர்நாடகத்தின் சுண்ணம் குறைந்த செம்மண்ணில் விளையும் கேழ்வரகிலும் இது மிகுதியே. இது பயிரின் இயல்பு. மண் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், இயல்பை உண்டாக்குவதில்லை.

இன்னொன்று. செம்பாட்டு மண் தானாக வளமானதன்று. அது ஆக்கப்பட்டது. பூவரசங்குழை தாழ்த்து, பனையோலை புதைத்து, ஆட்டுப்பட்டி அடைத்து, துலா மிதித்து ஆக்கப்பட்டது. இவ்வளவும் முதலில் புகையிலைக்காகவே செய்யப்பட்டன. புகையிலை வெட்டிய தோட்டத்தில் எஞ்சிய எருவில் அடுத்து வந்ததே குரக்கன். துலா மிதித்தவர் யார்? அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆனால் காணியும் கிணறும் யாருடையவை என்பதைச் சட்டம் மாற்றவில்லை. 'மண்ணின் ருசி' என்று நாம் சொல்லும்போது மறைந்துபோவது இந்தக் கேள்விதான்.

குரக்கன் குறைந்ததற்கும் மண் காரணமன்று. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது தோட்டங்கள் பணப்பயிருக்கு மாறின. நீர் இறைக்கும் இயந்திரமும் செயற்கை உரமும் வந்தன. கிணறுகளில் நைத்திரேற்று ஏறியது. 1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் இடம்பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயமான அக்காணிகளில் ஒரு பகுதியே, 2009க்குப் பின், சிறப்பாக 2015 முதல், படிப்படியாக விடுவிக்கப்பட்டது. கால் நூற்றாண்டு பற்றை மூடிய நிலத்துக்கு முன்னைய 'தரம்' எங்கிருந்து வரும்? எருவிட்ட கைகள் அங்கில்லை.

நாம் இன்று வாழும் கண்டத்துக்கும் தனக்கென ஒரு சிறுதானியம் உண்டு. 1835இல் டார்லிங் ஆற்றங்கரையில் சென்ற தோமஸ் மிச்செல், பழங்குடியினர் மணிக்காகப் புல்லைப் பிடுங்கி மைல்கணக்கில் குவித்திருந்ததைக் கண்டு எழுதினார். வெள்ளம் வடிந்த களிமண் சமவெளிப் புல் அது. பின்னர் மந்தைகள் வந்தன, நிலம் பறிபோயிற்று. நிலம் இருந்தது, அதனை அறிந்தவர்கள் அகற்றப்பட்டார்கள். இக்கதை எமக்குப் புதியதல்ல. ஆனால் இங்கு நாம் நிற்பது பறிக்கப்பட்ட அந்த நிலத்தின் மேல் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

எனவே அந்த மூத்தவரின் நினைவைப் பொய்யென்று தள்ளவேண்டியதில்லை. நாவு நினைவில் வைத்திருப்பது மண்ணை மட்டுமன்று. ஒரு உழைப்பு முறையையும், அதன் ஏற்றத்தாழ்வையும் சேர்த்துத்தான். எந்தத் தோட்டம், எந்தக் குழை, எத்தனை இறைப்பு, யார் மிதித்தார்கள் என்பதை அறிந்த தலைமுறை எம் கண்முன்னே குறைந்துவருகிறது. அறிந்தவர்கள் இப்பக்கங்களில் எழுத வேண்டும். மிதித்தவர்களின் பிள்ளைகளும் எழுத வேண்டும். அவர்களது ருசி வேறாக இருக்கக்கூடும்.