படச் சுருக்கமும் இணையக் கலையின் அடையாளமும்

எண்முறைப் படத்தின் கோப்பளவைக் குறைக்கும் கணித முறையே படச் சுருக்கம். இணையத்தில் புழங்கும் ஓவியங்கள், ஒளிப்படங்களில் பெரும்பகுதி இதன் வழியே கண்ணுக்கு வருகிறது. இதன் அடித்தளத்தை இட்டவர் 1940இல் பெங்களூருவில் பிறந்த நசீர் அகமது. விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் 1961இல் மின்பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். கேன்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972இல், படப் புள்ளிகளின் அளவுகளை அலைக்கூறுகளாக மாற்றும் கொசைன் உருமாற்றத்தை ஆராய அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை, யோசனை மிகவும் எளிது என்று பட்டதாம். நிதி இல்லாமலே வேலை நடந்தது. மாணவர் டி. நடராஜன், கிண்டியில் பொறியியல் படித்த கே. ஆர். ராவ் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1974 ஜனவரியில் வெளியானது. 1992இல் வந்த ஜேபெக் என்னும் படச் சுருக்கத் தரம் அதன்மேல் எழுந்தது.

ஜேபெக் படத்தை 8×8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் 64 அளவுகளையும் 64 அலைக்கூறுகளாக மாற்றுகிறது. இதுவரை குறிப்பிடத்தக்க இழப்பு எதுவுமில்லை. அடுத்த படியில்தான், கண் எளிதில் கவனிக்காத நுண்கூறுகள் தோராயமாக்கப்பட்டு, பலவும் சுழியாகின்றன. எனவே இழப்புக்காக அகமதின் சூத்திரத்தைப் பழிப்பது நியாயமல்ல. ஆனால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிபவை ஒன்றே என்ற முடிவு இந்தத் தரத்துக்குள் உறைந்திருக்கிறது. இணையக் கலையின் அடையாளச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

2021 மார்ச் 11 அன்று கிறிஸ்டிஸ் ஏலத்தில், பீப்பிள் என்னும் மைக் விங்கெல்மனின் ‘எவ்ரிடேஸ்’ 6.93 கோடி டாலருக்குப் போனது. படைப்பு, 21,069×21,069 புள்ளிகள் கொண்ட ஒரு ஜேபெக் கோப்பு. வாங்கியவர் மெட்டாகோவன் என்ற புனைபெயரில் இயங்கிய தமிழரான விக்னேஷ் சுந்தரேசன். கைமாறிய என்எஃப்டி என்னும் எண்முறை உரிமைச் சான்று சுட்டும் முகவரி, கோப்பின் பிட்டுகளிலிருந்து கணக்கிடப்படுவது. அதே படத்தை மீண்டும் ஒருமுறை ஜேபெக்காகச் சேமித்தால் கண் வேறுபாடு காணாது. முகவரியோ முற்றிலும் மாறிவிடும். பார்வையின் ஒற்றுமைக்காக உருவான வடிவத்தின்மீது பிட்டின் ஒற்றுமையைக் கோரும் உரிமைமுறை ஏற்றப்பட்டது. இந்த முரணை வாங்குவோர் பலர் யோசித்ததாகத் தெரியவில்லை.

இழப்பில்லாமல் சுருக்கும் பிஎன்ஜி வடிவம் 1996 முதலே இருக்கிறதே என்று கேட்கலாம். கலைஞர் அதைத் தேர்ந்தாலும் சமூகத் தளங்கள் பதிவேற்றத்தின்போது படத்தை மறுபடி சுருக்குகின்றன. கோப்புக்குள் எழுதிய படைப்பாளியின் பெயரும் பெரும்பாலும் உதிர்ந்துபோகிறது. படம் பிழைக்கிறது, பெயர் பிழைப்பதில்லை. சிதைவே கலையாகலாமே என்பது இன்னொரு வாதம். ஜெர்மன் ஒளிப்படக் கலைஞர் தாமஸ் ரூஃப் ‘ஜேபெக்ஸ்’ வரிசையில் ஜேபெக்கின் சதுரக் கட்டங்கள் வெளிப்படையாகத் தெரியும்படி படங்களை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கினார். ஆயினும் அவருடைய அச்சுகளின் அடையாளம் பதிப்பெண்ணையும் கையொப்பத்தையும் நம்பியிருக்கிறது, கோப்பை அல்ல.

வலுவான மறுப்பு பிஹாஷ் என்னும் முறையிலிருந்து வருகிறது. அது அகமதின் உருமாற்றத்தையே கையாண்டு, படத்தின் தாழ் அலைக்கூறுகளிலிருந்து ஒரு கைரேகையைத் தயாரிக்கிறது. மறுசுருக்கம் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. திருட்டு நகல்களைக் கண்டறிய இது உதவும். ஆனால் படங்கள் ஒத்திருக்கின்றன என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. முதலில் வரைந்தவர் யார் என்பதற்குப் பதிவேடுதான் சாட்சி. எடுத்துக்காட்டாக, பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் 2023இல் கட்டடம் திறந்த ‘கலை, ஒளிப்பட அருங்காட்சியகம்’ 2020 டிசம்பரிலேயே இணையத்தில் இயங்கத் தொடங்கியது. அங்கே திரையில் காண்பது சுருக்கிய நகலானாலும், படைப்பை அடையாளப்படுத்துவது சேகரிப்புப் பதிவில் உள்ள கலைஞர் பெயரும் ஆண்டும் ஊடகமும்தான்.